முதல் பறவையாகக் கெஸ்ட்ரல் வேண்டாம்

வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், வேட்டைப்பறவை பழக்க ஆசை, அடுத்த மாதமே ஒரு கெஸ்ட்ரல் (சிறிய வல்லூறு வகை) வாங்கப்போகிறேன், சின்னப் பறவைதானே சுலபமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். சின்னது என்பதுதான் அதில் சிக்கலே.

பறவை உங்கள் கைக்கு வருவது பாசத்தால் அல்ல, பசியால். அதனால் தினமும் எடை பார்த்துத்தான் தீனி அளக்க வேண்டும். ஆண் கெஸ்ட்ரல் சுமார் 170 கிராம். தீனி அளவு தவறி அதில் 10 கிராம் குறைந்தால் உடம்பு எடையில் 6 சதவீதம் போய்விட்டது. அன்று இரவு குளிர் கடுமையாக இருந்தால் காலையில் பறவை உயிரோடு இல்லாமலும் போகலாம். ஆண் ஹாரிஸ் பருந்து 600 கிராமுக்கு மேல் இருக்கும். அதே 10 கிராம் தவறை அது தாங்கிக்கொள்ளும். காட்டில் கூட்டமாக வேட்டையாடும் இனம், மனிதரோடும் சீக்கிரம் ஒத்துப்போகும். அங்கே பலரும் அதில் தொடங்குவதற்கு இதுதான் காரணம். ஆனால் 20 வருடம்கூட வாழும், யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கே பறவை வைத்திருக்க உரிமம் கேட்பதில்லை என்பதால் பழக்கத் தெரிந்துவிட்டதாக ஆகாது. பக்கத்தில் உள்ள அனுபவசாலி ஒருவரோடு ஒரு குளிர்காலம் முழுக்கச் சுற்றுங்கள். முந்தைய இரையின் ரோமம், இறகு எல்லாம் உருண்டையாகக் கக்கிய பிறகே அடுத்த தீனி என்பதையெல்லாம் அவர் கையைப் பார்த்துத்தான் பழக முடியும்.

இப்போதைக்கு ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் தராசு மட்டும் வாங்கி வையுங்கள்.