சான்று தேவை

அன்புள்ள சார்,
நான் பள்ளி ஆசிரியர். எதைக் கேட்டாலும் மாணவர்கள் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதி வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதும் இடத்தை எப்படி நம்புவது? போன வாரம் அதில் ஒரு பிழையைப் பார்த்து அதிர்ந்துபோனேன். வகுப்பில் தடை போட்டுவிடலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தடை போடுங்கள், போட்டாலும் பார்ப்பார்கள். எனக்கு உறுத்தியது அந்த 'அதிர்ந்துபோனேன்'. அதிர்ந்த பிறகு என்ன செய்தீர்கள்? 'தொகு' என்று மேலேயே இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுத நேரம் இருக்கிறது, ஒரு வரியைத் திருத்த இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் நானும் குற்றவாளிதான். மறைந்த கவிஞர் ஒருவர் பிறந்த ஆண்டை, ஞாபகத்தை நம்பி ஒரு கட்டுரையில் எழுதிவிட்டேன். இரண்டு வருடம் பிசகு. அது விக்கிப்பீடியாவுக்குப் போயிருக்கிறது. பிறகு கவிஞரின் மகள் சொல்லித் தெரிந்துகொண்டு, ஒரு கூட்டத்தில் சரியான ஆண்டைச் சொன்னேன். முன்வரிசைப் பையன் எழுந்து போனை நீட்டினான். "சார், நீங்க தப்பா சொல்றீங்க." குனிந்து பார்த்தால் அடிக்குறிப்பில் சான்றாக என் பெயர்!

அன்று இரவே உட்கார்ந்து ஆண்டை மாற்றினேன். பத்து நிமிடத்தில் யாரோ பழையபடி ஆக்கிவிட்டார். காரணம்: 'சான்று தேவை'. முதலில் எரிச்சல். அப்புறம் யோசித்தால், அவர் செய்ததுதான் சரி. என் கட்டுரையில் பிழையை ஒப்புக்கொண்டு குறிப்புப் போட்டு, அதைக் காட்டிய பிறகே ஏற்றார்கள்.

அச்சில் வந்தால் நம்பலாம் என்பீர்கள். 2009-இல் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது, அவர் சொன்னதாக ஒரு வாசகத்தை அயர்லாந்து மாணவர் ஒருவர் சொந்தமாகப் புனைந்து விக்கிப்பீடியாவில் சேர்த்தார். சான்றில்லை என்று அங்கே நீக்கிவிட்டார்கள். அதற்குள் பத்திரிகைகள் எடுத்து அஞ்சலிக் குறிப்புகளில் போட்டுவிட்டன. அந்த மாணவரே எழுதிச் சொல்லும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்காக விக்கிப்பீடியா சுத்தம் என்று சொல்லவில்லை. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்ட பொய், நாலு மாதம் அங்கே அப்படியே கிடந்தது.

மாணவர்களுக்கு ஒரு விக்கிப்பீடியா பக்கத்தின் 'வரலாறு' பகுதியைத் திறந்து காட்டுங்கள். எந்த வரி, எந்த நிமிடம், எந்தக் கணக்கிலிருந்து மாறியது என்று எல்லாம் கிடக்கும். புத்தகத்தில் பிழை அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

சரி, நீங்கள் பார்த்த பிழை எந்தப் பக்கத்தில்? கடிதத்தில் அதைக் காணோம். எழுதி அனுப்புங்கள்.