கூட்டத்தில் அழுதுவிட்டேன், இனி எப்படி வாக்களிப்பது?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் நடந்த பிரதேச சபைத் தேர்தல் கூட்டத்துக்குத் தம்பியோடு போனேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றி ஒருவர் பேசியபோது அழுதுவிட்டேன். மறுகா வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் என்ன செய்யப்போகிறார் என்று சொன்னதாக ஒன்றுமே ஞாபகம் இல்லை. தம்பி அந்தப் பேச்சை வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். உணர்ச்சியாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. அழுததற்காக வெட்கப்படவும் வேண்டாம். போரையும் 2004 சுனாமியையும் கண்ட மண் இது. தாய்மாரின் வேதனையைக் கணக்கு வாசிப்பது போல ஒருவர் பேசியிருந்தால்தான் நான் கோபப்படுவேன்.

ஆனால் ஒன்றுமே ஞாபகம் இல்லை என்கிறீர்களே, அங்கேதான் நிற்க வேண்டும். வெகுசனவாதப் பேச்சு ஊரை இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பக்கம் கள்ளமில்லாத மக்கள், மறுபக்கம் அவர்களை ஏய்ப்பவர்கள். மக்களின் குரல் நான் ஒருவன்தான் என்று பேச்சாளர் நடுவில் வந்து நிற்பார். முதலில் உண்மையான வேதனையைத் தொடுவார். பழி போடும் நேரம் வந்ததும் சொற்கள் மங்கும். 'அவர்கள்', 'சிலர்', 'யாரென்று உங்களுக்கே தெரியும்'. பெயரை நாங்களே மனதுக்குள் நிரப்பிக்கொள்வோம். ஆரையம்பதி, காத்தான்குடி, நாவற்குடா என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒட்டிக் கிடக்கும் இந்தக் கரையில், அப்படி நிரப்ப அதிக நேரம் எடுக்காது.

அச்சம் இதைவிட வேகமானது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டில் கிடந்த சிறு கட்டியைக் காட்டி, அது ஆட்களை மலடாக்கும் மாத்திரை என்று சிங்களவர் சிலர் சொன்னார்கள். கடைக்காரரைச் சுற்றி நின்று கேள்வி கேட்ட வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு பரிசோதித்துச் சொன்னது: அது வெறும் மாக்கட்டி. எங்கள் பரம்பரையே அழிந்துவிடும் என்ற பயத்தில் பகுப்பாய்வு வரும்வரை யார் பொறுத்திருப்பார்கள்? அந்த வீடியோவை அனுப்பிய பலர் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். உங்கள் தம்பியின் மனமும் அப்படித்தான் இருக்கும், அவரைத் திட்டாதீர்கள்.

நியாயமான கோபத்தையும் இதே மாதிரித் திசை திருப்பலாம். எங்கள் மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்காக மாட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மாடுகளைப் பறிகொடுத்தவர்களின் கோபம் அது, அதில் பொய் இல்லை. அதைப் பேசிவிட்டு ஒருவர் 'சபையைத் தாருங்கள், மேய்ச்சல்தரையை மீட்கிறோம்' என்றால், அந்த இடத்தில் கையை உயர்த்திக் கேளுங்கள். அந்தக் காணி மத்திய அரசின் மகாவலி அதிகாரசபையின் கீழ் வருகிறது. பிரதேச சபையின் கையில் இருப்பது உள்ளூர் வீதி, தெருவிளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம் போன்றவை. மேய்ச்சல்தரைக்காக அவர் குரல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மீட்டுத் தருவேன் என்று வாக்குறுதி தர அவருக்கு அதிகாரம் இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? தம்பியோடு இருந்து அந்தப் பேச்சை இன்னொருமுறை போட்டுக் கேளுங்கள். சரிபார்க்கக்கூடிய வசனங்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்து நிமிடப் பேச்சில் இரண்டு வசனம்கூடத் தேறாமல் போகலாம். 'அவர்கள்' என்று வரும் இடங்களில் நிறுத்தி, "இது யாரைச் சொல்கிறார் தம்பி?" என்று கேளுங்கள், பதிலை அவரே சொல்லட்டும். இரவில் வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை விடிந்த பிறகு அனுப்பலாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேட்பாளர் வாக்குக் கேட்டு உங்கள் படலைக்கு வரும்போது கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். தாய்மாருக்காகப் பேசியதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, சபைக்குப் போனால் முதல் மாதம் எந்த வீதியைப் போடுவீர்கள், அதற்குக் காசு எங்கே இருந்து வரும் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதுங்கள்.