நெல்லியாம்பதி ஏற்றத்தில் கார் சூடாகி நின்றது. டீலர் எஞ்சின் ஓவர்ஹாலுக்கு 1,38,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். நம்பலாமா?

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எஸ்டிமேட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதை அளந்து பார்த்து எழுதினீர்கள் என்று கேளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினால் லேபரில் கொஞ்சம் தள்ளுவார்கள், தேவையில்லாத வேலை அப்படியே பில்லில் உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் சொன்னது இது: 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, 82,000 கிலோமீட்டர், வாரண்டி முடிந்தாயிற்று. போத்துண்டி தாண்டி ஏறும்போது முள் சிவப்புக்குப் போனது, உடனே ஓரம் கட்டி அணைத்துவிட்டீர்கள். பாலக்காட்டு டீலர் பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), கேஸ்கெட் கிட் (இடையில் வைக்கும் சீல்கள்) எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை.

சூடேறிய எஞ்சினில் முதலில் அடி வாங்குவது மேல்பாதிதான். அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் பிடி விடும், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும். பிஸ்டனும் பேரிங்கும் கீழ்ப்பாதி. சிவப்பிலேயே பல கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் லைட் எரிந்து, எஞ்சின் இறுகிப்போய் நின்றிருந்தால் கீழ்ப்பாதியும் போயிருக்கும், மறுக்கவில்லை. உடனே அணைத்த வண்டிக்குப் பிஸ்டன் மாற்றச் சொல்வதென்றால் அதற்கு ஆதாரம் காட்டவேண்டியது அவர்கள் பொறுப்பு.

ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடிய டெஸ்ட்கள் இருக்கின்றன. முதலில் பிளாக் டெஸ்ட். ரேடியேட்டர் அல்லது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து அதில் நீலத் திரவம் ஊற்றுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி உள்ளேயிருக்கும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் சில நிமிடத்தில் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் குழாய்க்குள் ஏறிவிட்டால் டெஸ்ட் செல்லாது, ஆகவே மட்டத்தை இரண்டு விரல் இறக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்து கூலிங் பிரஷர் டெஸ்ட். மூடியில் 0.9 அல்லது 1.1 பார் என்று அச்சடித்திருக்கும். அந்த அளவுக்குக் காற்றடித்துக் கால் மணி நேரம் விடவேண்டும். முள் இறங்கியும் வெளியே ஒழுகலைக் காணோம் என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்கிய சிலிண்டரின் பிளக் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்றிருக்கும்.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டைத்தான் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். நான்கு பிளக்கும் வெளியே, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸ் வெளியே, இக்னிஷன் கட், ஆக்சிலேட்டர் முழுதும் அமுக்கியபடி, நல்ல பேட்டரியில் ஐந்தாறு சுற்று. பெட்ரோல் எஞ்சினில் சாதாரணமாக 160 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். 175, 90, 85, 170 என்று வந்தால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்ப அளவு எடுக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், அசையாமல் நின்றால் வால்வ் அல்லது கேஸ்கெட். உங்கள் எஸ்டிமேட்டில் ரிங்கும் பிஸ்டனும் இருக்கலாமா என்பதற்குக் கழற்றுவதற்கு முன் கிடைக்கும் முதல் ஆதாரம் இந்த ஒரு ஸ்பூன் ஆயில்தான்.

ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளை நுரையைக் காட்டி “எஞ்சினுக்குள் தண்ணீர் போயிடுச்சு” என்று சொன்னால் உடனே பயந்துவிடாதீர்கள். மலைக் குளிரில் ஓடிய வண்டியில் ஈரம் படிந்து அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால்தான் விஷயம்.

டெஸ்டில் கேஸ்கெட் என்று உறுதியானால் “ஹெட் இறக்க மட்டும் சம்மதம், மீதி அளந்த பிறகு” என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். வேலை வேண்டாம் என்று வண்டியை எடுத்துப்போனால் பிரித்து மாட்டிய கூலி எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். ஹெட் இறங்கியதும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வைத்து நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கவேண்டும். சின்ன அலுமினிய ஹெட்டுகளில் பலதுக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். அதற்கு மேல் போனால் ஃபேஸ் அடிக்கலாம் (சீவிச் சமமாக்கலாம்), ஆனால் கம்பெனி கொடுத்த குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகக்கூடாது. கீறல் இருக்கிறதா என்று லேத் பட்டறையில் தண்ணீர்த் துளைகளை அடைத்துக் காற்றடித்துச் சுடுதண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள். இரண்டிலும் தேறினால் புது ஹெட் எதற்கு? கீழே சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிந்து, போர் கேஜில் எடுத்த உள்விட்ட அளவு மேல், நடு, கீழ் மூன்று உயரத்திலும் ஒத்துப்போனால் பிஸ்டனை அப்படியே விட்டுவிடலாம். ஹெட் வேலை மட்டும் என்றால் பெரும்பாலும் நீங்கள் சொன்ன தொகையில் பாதிகூட வராது.

பல எஞ்சின்களில் ஹெட் போல்ட் ஒருமுறை இழுத்து முறுக்கினால் நீண்டுவிடும், திரும்பப் போடக்கூடாது. பிஸ்டன் எழுதிய எஸ்டிமேட்டில் ஹெட் போல்ட் செட் இல்லையென்றால் அது யோசித்து எழுதியது இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, வண்டி ஏன் சூடானது? தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, ஃபேன் ரிலே போனதா, வாட்டர் பம்ப் இறக்கை தேய்ந்ததா? அந்தக் காரணம் எஸ்டிமேட்டில் இல்லாவிட்டால் புது எஞ்சினே போட்டாலும் அதே கொண்டை ஊசியில் நிற்கும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லணும். நம் போர்வெல் உப்புத்தண்ணீரைத் தயவுசெய்து ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். ஹோஸைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொருக்கு தட்டிப்போயிருக்கும். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் டேங்கும் உள்ள இன்றைய ரேடியேட்டரைப் பழைய மாதிரி பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே விற்பதை வாங்கிவிடுங்கள்.

டீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரவேண்டாம். அளந்து, காட்டி, எழுதிக்கொடுக்கிற நல்ல ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்துச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது எதற்கு? ஸ்பேர் பார்ட்ஸையும் ஸ்கேன் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததற்கு. வண்டிக்காரர் வெளிப் பட்டறையில் ரிப்பேர் செய்தார் என்பதற்காகவே மொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. இத்தனை வருடம் கழித்தும் ஒரு ஹெட் போல்ட்டின் டார்க் (முறுக்கும் விசை) அளவுக்காக நம்மூர் மெக்கானிக் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கெஞ்சவேண்டியிருக்கிறது.

உங்கள் எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். பார்ட் நம்பர், எம்ஆர்பி, லேபர், வெளி லேத் கூலி நான்கும் தனித்தனியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், பழைய 28 இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கழற்றிய சாமான்களைத் திரும்பக் கேளுங்கள். இரண்டாவது எஸ்டிமேட்டுக்கு அதே கம்பெனியின் கோவை டீலரிடம் பார்ட் நம்பர்களைச் சொல்லிக் கேட்கலாம், லேபரில்தான் வித்தியாசம் தெரியும். வண்டியைக் கோவைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் வேலந்தாவளம் வழியாக ஓட்டிப் பார்க்காதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

தகராறு வந்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவையில் ரிப்பேர் செய்து வண்டி கெட்டாலும் பாலக்காட்டிலேயே கேட்கமுடியும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

வேலை முடிந்து வண்டி வந்ததும் ஒரு வாரம் தினம் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்கினால் உள்ளே நின்ற காற்று வெளியேறியது, மேலே ஊற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தினம் இறங்கினால் மலைக்கு எடுக்காமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோய்த் திரும்பப் பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள்.