கேள்வி – பதில்: கடலில் இறங்கிக் கரையேறும் கவச ஊர்திகள்

கேள்வி: நட்பு நாடுகளின் கூட்டுப் பயிற்சியைக் காட்டிய தொலைக்காட்சிச் செய்தியில், கப்பலின் வயிற்றிலிருந்து கவச ஊர்திகள் கடலுக்குள் இறங்கி, அலைகளைக் கடந்து கரையேறுவதைக் கண்டேன். அவ்வளவு கனமான ஊர்தி எப்படி மிதக்கிறது? அமைதிக் காலத்தில் இப்பயிற்சி எதற்கு? உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு ஆபத்தில்லையா?
– வாசகி ஒருவர், கிராண்ட் பே, மொரீசியசு

பதில்: அம்மா, கப்பல் மிதப்பதற்கான காரணமே இதற்கும் பொருந்தும். நீர் புகாதபடி அடைக்கப்பட்ட ஊர்தியின் உடல், தன் எடைக்கு ஈடான நீரை விலக்கி மிதக்கிறது. கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையில் 1972 முதல் இருந்துவந்த ஊர்தி அலுமினியக் கவசம் கொண்டது. பின்புறத்தில் நீரைப் பீய்ச்சும் இரு உந்திகளால் கடலில் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, தரை தட்டியதும் சங்கிலிச் சக்கரங்களால் ஓடும். இடுக்குகளில் கசியும் நீரைப் பம்புகள் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இத்தகைய ஊர்தி ஏன் தேவைப்பட்டது என்பதைப் பவளத்திட்டு சூழ்ந்த தீவில் வாழும் நமக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. திட்டில் ‘பாஸ்’ எனப்படும் இடைவெளி இல்லாத இடத்தில் படகு கரைக்கு வர முடியாது என்பதை நம் மீனவர்கள் அறிவார்கள். 1810 நவம்பர் 29 அன்று, சென்னை இராணுவச் சிப்பாய்களும் அடங்கிய பிரித்தானியப் படை உங்கள் ஊருக்கு அருகே கரையிறங்கியபோது, கோயின் தெ மீர் தீவுக்கும் கரைக்கும் இடையே கடலின் ஆழத்தை முன்கூட்டியே அளந்து பார்த்த பின்னரே கப்பல்கள் உள்ளே வந்தன. இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பரில் பசிபிக் பெருங்கடலிலுள்ள தராவாவில் ஜப்பானியரை எதிர்த்து அமெரிக்கப் படை கரையிறங்கியபோது, நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் படகுகள் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் பல நூறு மீட்டர் தூரம் நீரில் நடந்து, துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். சங்கிலிச் சக்கர ஊர்திகளோ திட்டின்மீது ஏறிக் கடந்தன. அவற்றின் மூல வடிவத்தை 1930களில் அமெரிக்கரான டொனால்ட் ரோப்ளிங் உருவாக்கியது, புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் புயலில் சிக்கியவர்களை மீட்பதற்காக. சூறாவளியை அறிந்த நாம் இதை மறக்கக் கூடாது என்று கருதுகிறேன்.

கூட்டுப் பயிற்சியின் தேவையும் இங்கேதான் தெளிவாகிறது. 2019இல் தொடங்கிய ‘டைகர் டிரையம்ப்’ என்னும் இந்திய–அமெரிக்கப் பயிற்சி, ஆந்திரக் கரையில் காக்கிநாடா, விசாகப்பட்டினம் பகுதிகளில் பேரிடர் நிவாரணத்தையே கருப்பொருளாகக் கொண்டு நடந்தது. அமெரிக்கக் கடற்படையிடமிருந்து 2007இல் இந்தியா பெற்ற ‘ஜலாஷ்வா’ கப்பல், தன் பின்பக்கக் கிடங்கில் கடல்நீரை நிரப்பி, இறங்குபடகுகளை மிதக்கவிட்டு வெளியே அனுப்பக்கூடியது. துறைமுகம் சிதைந்த கரைக்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்க்க இதுவே வழி. ஆனால், வெவ்வேறு மொழியும் வானொலி முறையும் கொண்ட இரு படைகள் ஒரே கரையில் இறங்கும்போது, அலை சீறினால் ‘நிறுத்து’ என்று ஆணையிடுபவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பயிற்சியில் கற்க வேண்டியவற்றுள் இதையே நான் முதன்மையாக வைப்பேன்.

ஆபத்து உண்டு. 2020 ஜூலை 30 அன்று, கலிபோர்னியாவின் சான் கிளமென்டே தீவருகே, கூட்டுப் பயிற்சியாக அன்றி அமெரிக்கப் படை தனியாக நடத்திய பயிற்சியில், கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஊர்தி ஒன்று மூழ்கியது. உள்ளே இருந்த 16 பேரில் 9 பேர் இறந்தார்கள். அந்த ஊர்தியின் பராமரிப்பு மோசமாக இருந்ததையும், மூழ்கும் ஊர்தியிலிருந்து வெளியேறும் பயிற்சியைப் பலர் முடித்திராததையும், மீட்புப் படகுகள் அருகில் இல்லாததையும் விசாரணை வெளிப்படுத்தியது. கணுக்கால் அளவு நீர் ஏறியபோதே வெளியேறியிருக்க வேண்டியவர்களுக்கு ஆணை காலம் தாழ்ந்தே கிடைத்தது. இவற்றுள் ஒன்றைக்கூடக் கடலின் குற்றமாகச் சொல்ல முடியாது என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. 2021 டிசம்பரில் அவ்வகை ஊர்திகளை வழக்கமான பயிற்சிகளுக்காகக் கடலில் இறக்குவதை மரைன் படை நிறுத்தியது. எட்டுச் சக்கரங்கள் கொண்ட புதிய ஊர்தி அவற்றின் இடத்துக்கு வந்துள்ளது.

அடுத்த முறை அக்காட்சியைக் காணும்போது, வரிசையாக வரும் ஊர்திகளின் பக்கத்தில் மீட்புப் படகுகள் வருகின்றனவா என்று பாருங்கள்.