பாக்கெட் உருளைக்கிழங்கு மசியல்: எதை வாங்கலாம், எதற்குப் போடலாம்?

ஆன்லைனில் உருளைக்கிழங்கு ஃபிளேக்ஸ் (வேகவைத்து மசித்துக் காயவைத்த கிழங்குச் செதில்) வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கட்டி தட்டாமல் நன்றாக அடித்துக் கிளறினேன். மசியல் பசை மாதிரி இழுக்கிறது. பாக்கெட் பழசாக இருக்குமோ?
- வாசகி, கோயம்புத்தூர்

பாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. கொதிநீரும் அந்த அடித்துக் கிளறலும்தான் காரணம். கிழங்கில் மாவுச்சத்து நுண்ணறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அறை உடையாமல் இருந்தால் மசியல் பூப்போல இருக்கும். உடைந்து மாவுச்சத்து வெளியே வந்துவிட்டால் பசைதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த பிறகுதான் ஃபிளேக்ஸ் கடைக்கே வந்தது. 1950-களில் பென்சில்வேனியாவில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை கண்டார்கள். நறுக்கிய கிழங்கை முதலில் 70 டிகிரி சூட்டில் சுமார் 20 நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் ஆறவிட்டு, அதன் பிறகே ஆவியில் வேகவைத்தார்கள். ஆறும்போது மாவுச்சத்து அறைக்குள்ளேயே இறுகிக்கொள்வதால், மசித்து, சூடான உருளையில் மெல்லிய தாளாகக் காயவைத்தாலும் பெரும்பகுதி வெளியே வராது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதைக் கொதிநீரும் வேகமாக அடிப்பதும் ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடும்.

அளவு இது: ஃபிளேக்ஸ் 100 கிராம், தண்ணீர் 350 மில்லி, பால் 150 மில்லி, வெண்ணெய் 25 கிராம், உப்பு அரை டீஸ்பூன். தண்ணீரில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் சூடு 70 டிகிரிப் பக்கம் தானாக இறங்கிவிடும். ஃபிளேக்ஸைப் பரவலாகத் தூவி, ஒரு நிமிடம் கை வைக்காதீர்கள். ஓரத்துச் செதில்கள் நீரை உறிஞ்சி உப்பி, மேற்பரப்பின் பளபளப்பு மங்கும். அப்போது முள்கரண்டியால் அடியிலிருந்து நாலைந்து முறை புரட்டினால் போதும். கெட்டியாகத் தெரிந்தால் ஒரு கரண்டி சூடான பால் சேர்க்கலாம். கப் கணக்கில் போடாமல் எடை போடுவது நல்லது. செதில் பொடிந்த பாக்கெட்டில் ஒரு கப்புக்கு அதிக எடை பிடித்து, மசியல் இறுகிவிடும்.

பசையாகிப்போனதைத் திரும்ப மசியலாக்க முடியாது. கோதுமை மாவில் சேர்த்துப் பிசைந்துவிடுங்கள், சப்பாத்தி மெத்தென்று வரும்.

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் கிடைக்கும் ரெடிமேட் மசியலில் கட்லெட் செய்தால் எண்ணெயில் வெடித்துப் பிரிகிறது. உறைந்த வில்லைகளாக வருவதிலும் அதே கதை. நேரம் மிச்சப்படுத்த வேறு வழி உண்டா?
- வாசகி, லண்டன்

அந்த டப்பாக்கள் இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவதற்காகச் செய்தவை. பாலும் வெண்ணெயும் சேர்த்துத் தளர்வாக இருக்கும். கட்லெட்டுக்குள் மிஞ்சிய நீர் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி, மேலோட்டைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. உறைந்த வில்லையில் இன்னொரு தொல்லையும் உண்டு: உறைந்து இளகும்போது மாவுச்சத்து தான் பிடித்திருந்த நீரைக் கக்கிவிடும்.

400 கிராம் டப்பாவை அகலமான வாணலியில் கொட்டி, சிறு தீயில் ஆறேழு நிமிடம் புரட்டுங்கள். ஆவி குறைந்து, மசியல் வாணலியை விட்டுச் சுருண்டு வர வேண்டும். ஆறியதும் 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன் ஃபிளேக்ஸ் தூவிப் பிசைந்து 15 நிமிடம் விடுங்கள், மீதி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பிரெட் தூளோ கார்ன்ஃப்ளாரோ அதிகம் போட்டு இறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்; கிழங்கின் ருசி மாறாது. டப்பாவில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். தட்டிய கட்லெட்டுகளை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, 180 டிகிரி எண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டுப் பொரியுங்கள்.

உண்மையில் கட்லெட், போண்டா, ஆலு பராத்தாவுக்கு டப்பாவே வேண்டாம், ஃபிளேக்ஸ் மட்டும் போதும். 100 கிராமுக்குத் தண்ணீரை 350 மில்லியோடு நிறுத்துங்கள், பால் சேர்க்காதீர்கள். 10 நிமிடத்தில் உருட்டுகிற பதம் வந்துவிடும். வெங்காயத்தைத் தண்ணீர் வற்ற வதக்கிச் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஃபிளேக்ஸ் என்று நினைத்து 'பொட்டேட்டோ ஸ்டார்ச்' வாங்கிவிட்டேன். மசியல் செய்யலாமா?
- வாசகர், திருநெல்வேலி

முடியாது. அது கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. பளீரென்ற வெள்ளையாக, விரலிடையே அழுத்தினால் நெறுநெறுவென்று இருக்கும். வெந்நீர் பட்டால் கண்ணாடி மாதிரி கூழாகிவிடும். ஃபிளேக்ஸ் இளமஞ்சளாக, தாள் கிழித்துப்போட்ட மாதிரி இருக்கும். வாங்கியதை வீணாக்க வேண்டாம், கார்ன்ஃப்ளாருக்குப் பதில் சூப்பில் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றலாம்.

பாக்கெட்டில் 471, 450, 223 என்று எண்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

இவை உணவில் சேர்க்கும் பொருள்களின் குறியீட்டு எண்கள். 471 கொழுப்பிலிருந்து செய்யும் பொருள். மாவுச்சத்தோடு சேர்ந்து, மசியல் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. தாவரக் கொழுப்பிலும் செய்வார்கள், விலங்குக் கொழுப்பிலும் செய்வார்கள். சைவக்காரர்கள் இந்தியப் பாக்கெட்டில் பச்சைக் குறியைப் பாருங்கள். 450 வகை பாஸ்பேட்டுகள், வெந்த கிழங்கு சாம்பல் நிறமாவதைத் தடுக்கப் போடுவது. கிழங்கிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து, நிறம் மாறாமல் காக்கிறது.

கவனிக்க வேண்டியது 223-ஐத்தான். இது சல்பைட் வகை, கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கப் போடுவது. பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது, ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பைத் தூண்டும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் சல்பைட் இல்லாததை வாங்குங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். மசாலா கலந்த வகைகளில் பால்பவுடரும் உப்பும் தாராளமாக இருக்கும். குழந்தைக்கு என்றால் வெறும் ஃபிளேக்ஸே நல்லது.

கடைச் சரக்கு வேண்டாம், நானே செய்து ஃப்ரீசரில் வைக்க ஆசை. எப்படி?
- வாசகி, மதுரை

நல்ல யோசனை. ஒரே அளவான கிழங்காக 1 கிலோ எடுத்து, தோலோடு குக்கரில் 3 அல்லது 4 விசில் விடுங்கள். சூட்டோடு உரித்து இடியாப்ப அச்சில் பிழியுங்கள். இதைவிடச் சிறந்த மசிப்பான் கிடையாது: கட்டியும் இருக்காது, நுண்ணறைகளும் பெரும்பாலும் உடையாது. மிக்ஸி மட்டும் வேண்டவே வேண்டாம், பிளேடு அறைகளைக் கிழித்து ஒரே சுற்றில் பசையாக்கிவிடும். பிழிந்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஆவி போகவிடுங்கள். மசியலாகவே சாப்பிடப்போகும் பங்கில் கிலோவுக்கு 80 கிராம் வெண்ணெய் கலந்துவிடுங்கள், இளகும்போது திரிதிரியாகாமல் இருக்கும். கட்லெட்டுக்கான பங்கில் எதுவும் சேர்க்க வேண்டாம்.

ஜிப் கவரில் 250 கிராம் வீதம் போட்டு, விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி, காற்றை வெளியேற்றி உறையவிடுங்கள். உருண்டையாக வைத்தால் நடுவில் உறையவும் நேரமாகும், இளகவும் நேரமாகும். இரண்டு மாதம் தாங்கும். பனிக்கிடங்கில் நெடுநாள் இருந்த கிழங்கு இனிக்கும், அப்படிப்பட்டதைத் தவிர்த்துவிடுங்கள்.

பூரிக் கிழங்கு ஃபிளேக்ஸில் வருமா?
- வாசகர், சேலம்

தனியாகச் செய்தால் வராது. பூரிக் கிழங்குக்கு வாயில் அகப்படும் துண்டுகள் வேண்டும். பாதிக் கிழங்கை வேகவைத்து உதிர்த்துப் போட்டு, கடலைமாவுக்குப் பதிலாகக் கடைசியில் 2 டேபிள்ஸ்பூன் ஃபிளேக்ஸ் தூவினால், பச்சை வாசனை இல்லாமல் குழம்பு சேர்ந்துகொள்ளும்.

கரைத்த மசியல் மிஞ்சினால் மறுநாள் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, சென்னை

உலர்ந்த ஃபிளேக்ஸ்தான் நெடுநாள் கெடாது. நீர் பட்டுவிட்டால் அது சமைத்த உணவு. உலர்ந்த கிழங்கிலும் சில கிருமி விதைகள் உயிரோடு இருக்கக்கூடும், வெதுவெதுப்பான மசியலில் அவை பெருகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சூடாக்கும்போது ஒரு கரண்டி பால் தெளித்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை விடுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய எண்ணெய் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.