வெயில் அடித்தால் மலையில் பனிச்சரிவு அபாயம் ஏன் கூடுகிறது?

காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலா கணவாய் போன்ற இடங்களில் வெயில் ஏறும் நாட்களில் நிகழ்வது பெரும்பாலும் ஈரப் பனிச்சரிவு. உருகிய நீரால் பிடிப்பு இழந்த பனி, சரிவில் மொத்தமாக வழுக்கி இறங்குவதுதான் அது.

மலைப்பனி அடுக்கடுக்காகப் படிந்தது. துகள்களை ஒன்றோடொன்று பிணைப்பவை மெல்லிய பனிக்கட்டி ஒட்டுகள். மழைக்காலத்தில் டப்பாவில் கட்டிதட்டிய சர்க்கரையில் நீர் விட்டுப் பாருங்கள்: ஒட்டுகள் முதலில் கரையும், துகள்கள் பிறகுதான். பனியிலும் அப்படியே. கீழிறங்கும் நீர் கெட்டியான அடுக்கின் மேல் தேங்கினால், மேலடுக்குக்குப் பிடிமானமே இல்லை.

முந்தைய இரவு வானம் எப்படி இருந்தது என்று விசாரிப்பது முக்கியம். வானம் தெளிந்திருந்தால் மேற்பரப்பு மீண்டும் உறையும். காலையில் பூட்ஸ் அழுந்தாது. மேகம் போர்த்திய இரவில் உறையாது, விடியலிலேயே அபாயம். கிழக்குச் சரிவு காலையிலேயே இளகும், மேற்குச் சரிவு பிற்பகலில். கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தாலோ, பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவை விட்டு உடனே விலகுங்கள். அதன் அடிவாரத்திலும் நிற்காதீர்கள்.

காற்று பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருந்தால் பனி உருகாது என்று பலர் நம்புகிறார்கள். நேர் வெயில் படும் சரிவு அப்போதும் உருகும்.