யானை ஊமையா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் மசினகுடி போயிருந்தோம். சாலையோரம் ஏழு யானைகள். அரை மணி நேரம் பார்த்தும் ஒரு சத்தம் இல்லை. விடுதிக்குத் திரும்பினால், செம்பருத்திச் செடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு தையல்சிட்டு காதைத் துளைக்கிறது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பது இதைத்தானோ? அவ்வளவு பெரிய யானை ஏன் ஊமையாக நிற்கிறது?

செ.

அன்புள்ள செ.,

அந்த ஏழும் பேசிக்கொண்டே நின்றிருக்கலாம். நம் காதுக்கு அது எட்டாது.

நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் மனிதனுக்குக் கேட்காது. யானைகள் தமக்குள் பேசுவதில் பெரும்பகுதி அந்த எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழோ நடக்கிறது. பிளிறல் என்று நாம் சொல்வது, மிரளும்போதும் சினக்கும்போதும் வரும் குரல். அதை மட்டும் வைத்து யானையை எடைபோட்டுவிட்டோம். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில், கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றபோது, ஆர்கனின் மிகத் தாழ்ந்த சுரம் உடம்பில் அப்படித்தான் அதிர்ந்தது என்பது பிறகு அவர் நினைவுக்கு வந்தது. ஒலிப்பதிவு செய்து வேகத்தைக் கூட்டி ஓட்டியபோது யானைகளின் பேச்சு வெளிப்பட்டது.

வீணையில் தாழ்ந்து ஒலிக்கும் அனுமந்திரத் தந்தி தடிமன், உயர்ந்து ஒலிக்கும் சாரணித் தந்தி மெல்லியது. யானையின் குரல்நாண் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், அதனால் மெதுவாக அதிர்கிறது. பத்து கிராம்கூடத் தேறாத தையல்சிட்டின் குரலுறுப்பில் இருப்பவை மிகச் சிறிய சவ்வுகள். அவை நொடிக்கு ஆயிரக்கணக்கில் அதிர்கின்றன. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். உங்களுக்கு அது இரைச்சலாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் உங்கள் காது.

அந்தக் கீச்சொலி இலைகளில் மோதிச் சிதறிவிடும். அது போதும். இரண்டு இலைகளைச் சிலந்திநூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டும் பறவைக்கு, தன் எல்லை அந்தத் தோட்டம்தான் என்று அக்கம்பக்கத்துச் சிட்டுகளுக்குத் தெரிந்தால் ஆயிற்று. யானைக்குத் தேவை வேறு. மேயப் பிரிந்துபோன கூட்டம் மலைச்சரிவுக்கு அப்பால் இருக்கும்; ஆண் இன்னும் எங்கோ தனியாகத் திரியும். தாழ்ந்த ஒலி மரங்களுக்கிடையே அதிகம் தேயாமல் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஊமை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பழமொழியையும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

அடுத்த முறை பைனாகுலரை யானையின் நெற்றிக்குக் கொண்டுபோங்கள். தும்பிக்கை தொடங்கும் இடத்துக்கு மேலே தோல் சிலசமயம் படபடவென்று துடிக்கும். அது பேசும் நேரம். விடுதிக்குத் திரும்பியதும் சிட்டின் கழுத்தைப் பாருங்கள்: கத்தும்போது மட்டும் இறகு விலகி, பக்கத்துக்கு ஒன்றாகக் கறுப்புத் திட்டு தெரியும்.